கூண்டு வச்சா வரல, பல்பு ஒயர்ல கட்டுது! குருவிக்கு எந்த இடம்தான் புடிக்கும்?

தையல்மிஷின் (ஆகஸ்ட் 3)

எல்லாருக்கும் வணக்கம். ராஜபாளையம் பக்கம் வாடகை வீட்டுல இருக்கேன். முன்வராண்டாவுலயே மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். 21 வருஷமா காலையில ஒம்பதுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும் ஒரே ஸ்டூல்தான். அதனால வாசல்ல எது வந்தாலும் போனாலும் என் கண்ணுல படாமப் போகாது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மார்ச் 20 சிட்டுக்குருவி தினம்னு பையனுக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்காங்க. வீட்டுக்கு வந்து ஒரே அடம். மரக்கூண்டு ஒண்ணு, மண்கலயம் ரெண்டு வாங்கிக் கட்டினோம். கூண்டு மட்டும் 250 ரூபா, ஒரு லைனிங் ஜாக்கெட் தைக்கிற கூலி. பக்கத்துல கம்பு, தண்ணி எல்லாம் வச்சுப் பாத்தாச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு குருவி எட்டிப் பாக்கல. கூண்டுக்குள்ள அணில் குடிவந்து, என் வெட்டுத்துணியையும் தேங்கா நாரையும் திணிச்சு, குட்டியும் போட்டிருச்சு. கலயம் ரெண்டும் சும்மா காத்துல ஆடிக்கிட்டுக் கெடக்கு.

ஆனா நாங்க வைக்காத இடத்துலயெல்லாம் கூடு!

வராண்டா நடுவுல பல்பு போய் ஒரு வருஷமா வெறும் ஒயர் தொங்குது. ஜூலை நடுவுல பாத்தா அந்த ஒயர் முனையில ஒட்டடை மாதிரி என்னமோ இருந்துச்சு. ஒட்டடைக் குச்சியக் கையில எடுத்துட்டேன். கிட்டப் போனா, ஒட்டடைக்குள்ள இருந்து வளைஞ்ச மூக்கு ஒண்ணு என்னையப் பாக்குது. தேன்சிட்டு! காஞ்ச இலை, பட்டைத் தூள், புழுப் புழுக்கை எல்லாத்தையும் சிலந்தி நூல் வச்சு ஒட்டி ஒரு சுருக்குப் பை. பக்கத்துல வாசல், வாசலுக்கு மேல மழைக்கு மறைப்பா ஒரு குட்டித் தாழ்வாரம் வேற. அதுல அங்கங்க என் மெரூன் கலர் நூலும் ஓடுது. இப்ப உள்ள ரெண்டு குஞ்சு. நான் மிஷின் மிதிக்கிறப்ப என் தலைக்கு மேல நாலடியில இருக்கு. அதுங்க என்னைய ஒரு ஆளாவே மதிக்கல.

ரெண்டாவது, மீட்டர் பொட்டி மேல புறா. மாடப்புறா இல்ல, கழுத்துல கருப்புத் துணியில வெள்ளைப் பொட்டு பிரிண்ட் போட்ட மாதிரி இருக்குமே, அது. கூடுன்னு சொல்லவே கூச்சமா இருக்கு. இருபது குச்சி இருந்தா ஜாஸ்தி. அதுக்கு மேல ரெண்டு வெள்ளை முட்டை. உருண்டு விழுந்திருமோன்னு எனக்குத்தான் பதைக்குது, அது பாட்டுக்கு உக்காந்திருக்கு.

மூணாவதுக்காகத்தான் இதை எழுதுறேன். வாசப்படி ஓரத்துல எண்ணெய் டின்னுல ஒரு வாதாங்கன்னு. நாங்க வைக்கல, வௌவால் கடிச்சுப் போட்ட கொட்டை தானா முளைச்சது. முழங்கால் உயரத்துல இருக்கிற ஒரு பெரிய இலை, சுருட்டின சமோசா மாதிரி மடிஞ்சிருந்துச்சு. பூச்சி விழுந்திருச்சுன்னு கிள்ளப் போனேன். கிள்ளுறதுக்கு முன்னாடி ஓரத்தைப் பாத்தேன். தையல்!

தொழில்காரி கண்ணுல சொல்றேன், கேட்டுக்கோங்க. அது ஓட்டுத்தையல் இல்ல. ஒவ்வொரு தையலும் தனித்தனி. இலை ஓரத்துல மூக்கால ஒரு ஓட்டை, எதிர் ஓரத்துல ஒரு ஓட்டை, ரெண்டுக்கும் நடுவுல பஞ்சு இழை. முடிச்சு கிடையாது. ஓட்டைக்கு வெளிய வர்ற நுனி பிசிராகி உப்பி நிக்குது, அதனால உருவிக்கிட்டுப் போகல. நான் எண்ணினது பதினேழு தையல். ஒண்ணுகூட இலையக் கிழிக்கல. இலையும் காம்போடதான் இருக்கு, பச்சை மாறல. என்கிட்ட வேலை கத்துக்க வந்த ஒரு பொண்ணு ஷிபான் துணியில மூணு மாசம் கழிச்சும் இழுத்துச் சுருக்குவா. அவ கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து இதக் காட்டணும்போல இருந்துச்சு. உள்ள பஞ்சு மெத்தை, அதுல செம்புள்ளி போட்ட மூணு முட்டை. நாலு நாளா தாய் எந்திரிக்காம உக்காந்திருக்கு.

இப்ப பிரச்சினை. வீட்டுக்காரர் பேத்திக்கு ஆவணியில காதுகுத்து. 13ஆம் தேதி வெள்ளையடிக்க ஆள் வருது. வராண்டா, மீட்டர் பக்கம், படி எல்லாம் பெயிண்ட். டின்னை ரெண்டடி தள்ளி வைக்கலாமா? எத்தனை நாள் ஆகும் எல்லாம் பறக்க? அப்புறம், தெனம் முப்பது பேர் செருப்புக் கழட்டுற இடத்துல வந்து முட்டை போடுற புத்தி அதுக்கு ஏன்? பின்பக்கம் ஆளே போகாத வேப்பமரம் இருக்கே!

வைகைக்கரை (ஆகஸ்ட் 3)

அம்மா, மதுரையில விலங்கியல் வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்றவன். அந்தத் தையலைப் பல வருஷம் வகுப்புல விளக்கியிருக்கேன், உங்க அளவுக்குத் தெளிவாச் சொன்னதில்ல.

படியில இருக்கிறது தையல்சிட்டு. தலை செம்பட்டை, முதுகு பச்சை, வால் நட்டுக்க நிக்கும், உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரல். ஒயர்ல ஊதாப்பிட்டுத் தேன்சிட்டா இருக்கணும், ஆணுக்கு வயிறு மஞ்சள். மீட்டர் பொட்டியில புள்ளிப்புறா.

டின்னை நகர்த்தாதீங்க. நமக்கு ரெண்டடி பக்கம்தான். கூட்டோட இடத்தை மனசுல வச்சுப் பறந்து வர்ற தாய்க்கு, இருந்த இடத்துல இல்லைன்னா தேடிட்டு விட்டுட்டுப் போக வாய்ப்பு அதிகம். முட்டையா இருக்கிறப்ப ரொம்பவே.

நாள் கணக்கு: தையல்சிட்டு முட்டை பொரிக்கச் சுமார் 12 நாள், குஞ்சு வெளியேற இன்னும் ஒரு 14 நாள். நீங்க சொல்றதைப் பாத்தா ஆகஸ்ட் கடைசி வாரம் ஆயிரும். தேன்சிட்டுக் குஞ்சு கூட்டுக்குள்ள ரெண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கும். புறாவுக்கு அடைகாக்க ரெண்டு வாரம், வளர ரெண்டு வாரம். வீட்டுக்காரர்கிட்ட இன்னொண்ணும் சொல்லி வைக்கலாம்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல காட்டுப் பறவையோட முட்டையையோ கூட்டையோ கலைக்கிறதையும் 'வேட்டை'ங்கிற சொல்லுக்குள்ளதான் சேத்திருக்காங்க. ஆனா சட்டத்தை முதல்ல எடுக்காதீங்க, வாடகை வீடு.

ஏன் அந்த இடம்ங்கிறதுக்குப் பதில் சொல்ல எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். வராண்டாவுக்குள்ள காக்கா வருதா? படிப் பக்கம் நாய் ஏதாவது கட்டியிருக்கா?

தையல்மிஷின் (ஆகஸ்ட் 3)

சார், எப்படி சார் நாயைக் கண்டுபிடிச்சீங்க? வீட்டுக்காரர் வளர்க்கிற வெள்ளை நாய், எங்க ஊர் ஜாதிதான். படிக்குப் பக்கத்துத் தூண்லதான் பகல் பூராம் கட்டிக் கெடக்கும். செடிக்கும் அதுக்கும் மூணடிகூட இருக்காது. சங்கிலி எட்டாது. காக்கா காம்பவுண்ட் சுவர் வரைக்கும் வரும், ஷீட்டுக்குக் கீழ வராது. நான் ஸ்கேலத் தூக்குவேன்னு அதுக்குத் தெரியும்.

வைகைக்கரை (ஆகஸ்ட் 3)

அப்ப புத்தியில குறையில்லம்மா, கணக்குச் சரியாத்தான் போட்டிருக்கு. பறவை நல்ல காத்து, நல்ல நிழல்னு மட்டும் பாத்து வீடு தேடுறதில்ல. முட்டையத் திங்க வர்றவன் யார் யாருன்னு பாக்குது. காக்கா, செம்போத்து, பூனை, ஓணான், பாம்பு, உங்க அணிலும்தான். பின்பக்க வேப்பமரத்துல இவங்க அத்தனை பேரும் இருப்பாங்க. அங்கதான் ஆளே போறதில்லையே!

படியில கட்டிப்போட்ட நாய் இருக்கிறதால பூனை வராது. முப்பது பேர் வந்து போறதால காக்கா வராது. ஒயர் நுனியில பாம்பு ஏற முடியாது, அணிலுக்கும் கால் வைக்க இடமில்ல. தேன்சிட்டு காட்டுல இருந்தாலும் மெல்லிசான கிளை நுனியாப் பாத்துத்தான் தொங்கவிடும். உங்க ஒயர் அதுக்கு ஒரு கிளை, இலை இல்ல, அவ்வளவுதான். நீங்க காவல்காரி. சம்பளம் இல்லாத காவல்காரி.

கூண்டு விஷயம் வேற. சிட்டுக்குருவி பொந்துல வாழுற சாதி. இந்த மூணும் பொந்துக்குள்ள எப்பவும் போகாது. அதனால கூண்டை ஒதுக்கினது இதுங்க இல்ல, சிட்டுக்குருவி. உங்க தெருவுல சிட்டுக்குருவி இருக்கா முதல்ல? அது கூட்டமா வாழும், பக்கத்துல சொந்தக்காரன் இல்லாத இடத்துக்குத் தனியா வந்து குடியேறாது. அப்புறம் ஓட்டை எவ்வளவு? 32 மில்லிமீட்டர், அதாவது ஒண்ணேகால் இஞ்சு போதும். பெரிசா இருந்தா மைனாவும் அணிலும்தான் வரும். கயிறுல ஆடுற கலயம் அதுக்கு ஒத்துவராது, சுவத்தோட சேத்து அடிக்கணும். மேற்கு வெயில் நேரா அடிச்சா மண்கலயம் அடுப்பாயிரும்.

தையல்மிஷின் (ஆகஸ்ட் 3)

ஓட்டை டேப் வச்சு அளந்தேன். ரெண்டேகால் இஞ்சு. கலயம் மேற்குப் பாத்துதான் கட்டியிருக்கு. சிட்டுக்குருவி எங்க தெருவுல நான் கல்யாணமாகி வந்தப்ப இருந்துச்சு. 250 ரூபா போச்சு, அணில் பிள்ளைகளாவது நல்லா இருக்கட்டும்.

ஒயர்மேன் (ஆகஸ்ட் 4)

அக்கா, குருவிக் கதையெல்லாம் இருக்கட்டும். அந்த ஒயர்ல கரண்ட் வருதா? ஒரு வருஷமா ஹோல்டர் இல்லாம தொங்குதுன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு அதப் படிச்சதுல இருந்து வேற எதுவும் மண்டையில ஏறல. ரெண்டு முனையும் தனித்தனியா டேப் சுத்தியிருக்கா? எந்த சுவிட்சுன்னு கண்டுபிடிச்சு ஆஃப் பண்ணி, அது மேல பிளாஸ்டர் ஒட்டி 'தொடாதே'ன்னு எழுதி வைங்க. மழைச் சாரல் அடிக்கிற இடம், குஞ்சு வேற ஈரமா எச்சம் போடும்.

மீட்டர் பொட்டி மேல புறா இருக்கிறதுல பயமில்ல. பொட்டிக்குள்ள குச்சி போகாம மூடி சரியா இருந்தாச் சரி. ரீடிங் எடுக்க ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவாங்க. வந்தா பறக்கும், போனா திரும்ப வந்து உக்காரும்.

2020ல ஊரடங்கு நேரத்துல சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில நடந்தது பேப்பர்ல வந்துச்சே, ஞாபகம் இருக்கா? தெருவிளக்கு சுவிட்ச் பொட்டிக்குள்ள குருவி முட்டை போட்டிருச்சுன்னு ஊரே ஒரு மாசத்துக்கு மேல தெருவிளக்குப் போடாம இருட்டுல நடந்தாங்க. நான் லைன்ல வேலை பாக்கிறவன், விளக்கு எரியலைன்னா பத்து நிமிஷத்துல எத்தனை போன் வரும்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு ஒரு கும்பிடு. உங்க வீட்டுக்காரர் ஒரு வராண்டாவுக்குப் பெயிண்ட் அடிக்காம இருக்க மாட்டாரா?

நாலாவதுமாடி (ஆகஸ்ட் 4)

எல்லாரும் உருகுறீங்க, நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. சென்னையில அபார்ட்மெண்ட். ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னாடி மாடப்புறா. முதல் தடவை நானும் பாவம்னு விட்டேன், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்கூட வச்சேன். மூணு வருஷமாச்சு. ஒரு ஈடு பறந்ததும் அடுத்த ஈடு. பால்கனியில துணி காயப்போட முடியல. எச்சம் காஞ்சு தூளாப் பறந்தா நுரையீரலுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லி, இப்ப தண்ணி தெளிச்சு நனைச்சப்புறம்தான் மாஸ்க் போட்டுக் கூட்டுறேன்.

என் அனுபவம் ஒண்ணுதான். குச்சி கொண்டுவர்ற அன்னிக்கே எடுத்துப் போடுங்க, வலை கட்டுங்க. முட்டை விழுந்துட்டா ஒரு மாசம் நீங்கதான் அதுக்கு வாடகைக்கு இருக்கீங்க.

கரிசக்காடு (ஆகஸ்ட் 4)

தம்பி சொல்றதுல தப்பில்ல. மாடப்புறா நம்ம அடுக்குமாடியப் பாறைன்னு நெனச்சு வருது. அதோட பூர்வீகமே மலைச் சந்துதான். புள்ளிப்புறா அப்படிக் கூட்டமா வந்து அடையாது, அதுக்குப் பயப்பட வேண்டாம்.

தையக்காரம்மா, நான் சங்கரன்கோவில் பக்கத்து ஆளு. எங்க பழைய ஓட்டு வீட்டுல தாத்தா படத்துக்குப் பின்னாடி ஒரு குருவிக் கூடு நிரந்தரமா இருந்துச்சு. படம் சுவத்துல இருந்து மேல முன்பக்கம் சாஞ்சு நிக்கும்ல, அந்தச் சந்து. தாத்தா சட்டகத்துல வைக்கோல் மீசை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். உத்திரத்துக்கும் சுவத்துக்கும் இடையில ஒண்ணு, ஓட்டுக்கு அடியில நாலஞ்சு. முத்தத்துல கம்பு காயும், மாட்டுத் தொழுவத்துல புழுப்பூச்சிக்குப் பஞ்சமில்ல. பெரிய குருவி தானியம் திங்கும், குஞ்சுக்குப் புழுதான் ஊட்டும். இதெல்லாம் போய் கான்கிரீட் வந்தப்புறம் சந்துமில்ல, புழுவுமில்ல. ஒரு மரப்பொட்டிய மட்டும் தொங்கவிட்டுட்டு வா வான்னா எப்படி வரும்?

எங்க கிணத்துச் சுவர் ஓட்டையில கருஞ்சிட்டு கட்டும். அதுக்குள்ள பாம்புச் சட்டை கெடக்கும். சின்னப் பிள்ளையில கைய விட்டு அதத் தொட்டு நான் ஓடின ஓட்டம் இன்னும் ஊர்ல பேச்சு. தூக்கணாங்குருவி கிணத்து மேல சாஞ்ச கருவேல மரத்துலதான் தொங்கவிடும். கீழ தண்ணின்னா எவன் ஏறுவான்? சார் சொன்ன அதே கணக்கு.

பூனை ராத்திரி வரும்மா. நாய ராத்திரியும் அங்கயே கட்டுவாங்களா? இல்லைன்னா டின்னச் சுத்தி இலந்தை முள் வெட்டிப் போடுங்க.

தையல்மிஷின் (ஆகஸ்ட் 4)

அண்ணாச்சி, நாய ராத்திரி அவுத்துதான் விடுவாங்க. இலந்தை கெடைக்கல, எலுமிச்சை முள் போட்டிருக்கேன். போடுறப்ப தாய்க்குருவி என் காது கிழியக் கத்துச்சு. அந்தச் சின்ன உடம்புக்குள்ள அவ்வளவு சத்தம் எங்கதான் இருக்கோ.

ஒயர்மேன் தம்பி, உண்மையச் சொல்லிடுறேன், டேப் இல்ல. சுவிட்ச் ஆஃப்லதான் இருந்துச்சு, இப்ப பிளாஸ்டரும் ஒட்டியாச்சு.

வைகைக்கரை (ஆகஸ்ட் 4)

ஒண்ணு கேக்க விட்டுப் போச்சும்மா. கூட்டுல மெரூன் நூல் ஓடுதுன்னீங்களே, அது பருத்தியா பாலியஸ்டரா? பாலியஸ்டர்னா அறுபடாது, மக்காது. குஞ்சு காலைச் சுத்திக்கும், வளர வளர இறுக்கும். கட்டினதை இனிமே ஒண்ணும் செய்ய முடியாது, கூட்டுல கைய வைக்காதீங்க. ஆனா தரையில கெடக்கிற நீள நூலைத் தெனம் கூட்டி எடுத்துருங்க. குருவிக்குக் கொடுக்கணும்னு ஆசைன்னா பஞ்சு வைங்க.

தையல்மிஷின் (ஆகஸ்ட் 4)

பாலியஸ்டர்தான் சார். இப்பல்லாம் யார் பருத்தி நூல்ல தைக்கிறா. ரெண்டு வருஷமா குருவி எடுத்துட்டுப் போகட்டும்னு நான் வேணும்னே பிசிறு நூலக் கைப்பிடிச் சுவத்துல வச்சிட்டிருந்தேன். சத்திரப்பட்டியில பேண்டேஜ் தறி ஓட்டுற என் தங்கச்சி வீட்டுல இருந்து பஞ்சு வாங்கிட்டு வரச் சொல்றேன்.

தையல்மிஷின் (ஆகஸ்ட் 14)

பெயிண்ட் ஆள் நேத்து வந்தாச்சு. வீட்டுக்காரர்கிட்ட பத்து நாளா சொல்லிப் பாத்தேன், 'குருவிக்காக எவனாவது விசேஷத்த நிறுத்துவானா'ன்னாரு. சட்டத்த எடுக்கல சார், நீங்க சொன்ன மாதிரி. அவங்க அம்மாவ எடுத்தேன். எம்பது வயசு. மெதுவாக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து இலைத் தையலக் காட்டினேன். காலையிலதான் முட்டை பொரிஞ்சிருந்துச்சு. முடியில்லாத மூணு வாய். பாட்டி ரொம்ப நேரம் குனிஞ்சு பாத்துட்டு, மகனக் கூப்பிட்டு, 'காதுகுத்துற வீட்டுல கூட்டக் கலைப்பியாடா'ன்னு ஒரே கேள்வி. முடிஞ்சுபோச்சு.

வீடு பூராம் இளம் ரோஸ். வராண்டா மட்டும் பழைய சந்தனக் கலர். போட்டோவுல ரெண்டு வீடு மாதிரி தெரியும்னு வீட்டுக்காரர் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு.

தையல்மிஷின் (ஆகஸ்ட் 16)

யாராவது இருக்கீங்களா? காலையில ஆறு மணிக்கு வாசத் தெளிக்க வந்தா, தேன்சிட்டுக் கூட்டு வாசல்ல ஒரு குஞ்சு தலைகீழாத் தொங்குது. இன்னொண்ணு பறந்து செம்பருத்தியில உக்காந்திருக்கு. ஸ்டூல் போட்டு ஏறிப் பாத்தேன். வலது காலுல மெரூன் நூல் ரெண்டு சுத்து. அந்த ஸ்பூல் இன்னும் என் மிஷின் மேலதான் இருக்கு, ஒரு கல்யாணப் பொண்ணோட ஜாக்கெட்டுக்கு வாங்கினது.

நூல்வெட்டியாலதான் வெட்டினேன். எவ்வளவோ தையல் பிரிச்சிருக்கேன், ஜார்ஜெட்ல பிரிச்சிருக்கேன், இப்படிக் கை நடுங்கினதில்ல. கால் தீக்குச்சியவிட மெலிசு, நூல் தோலுக்குள்ள அமுங்கியிருந்துச்சு. அறுத்தாச்சு, ரத்தம் வரல. பாதம் வீங்கி இருக்கு, விரல் மடங்கல. இப்ப என் உள்ளங்கையில இருக்கு. கூட்டுல வைக்கட்டுமா? நான் தொட்டதால தாய் சேக்காதுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க.

வைகைக்கரை (ஆகஸ்ட் 16)

உடனே வச்சிருங்க. மனுச வாடை பட்டா தாய் ஒதுக்கிரும்ங்கிறது தப்பு. உள்ள விட்டுட்டு நீங்க வீட்டுக்குள்ள போயிருங்க, அரைமணி நேரம் வராண்டாவுக்கே வராதீங்க. தண்ணி, சாதம் எதுவும் ஊட்டாதீங்க.

தையல்மிஷின் (ஆகஸ்ட் 16)

இருபது நிமிஷத்துல தாய் வந்துச்சு. ஜன்னல் வழியாப் பாத்தேன். சிலந்தி ஒண்ணக் கவ்விட்டு வந்து ஊட்டுச்சு. ஆம்பளக் குருவி கொடிக் கம்பியில உக்காந்து கத்திக்கிட்டே இருந்துச்சு. இன்னிக்கு மிஷின் மிதிக்கல.

தையல்மிஷின் (செப்டம்பர் 6)

கேட்டவங்களுக்காக எழுதுறேன். அந்தத் தேன்சிட்டுக் குஞ்சு மறுநாள் சாயங்காலம் கூட்டுல இல்ல. பறந்துச்சா, காக்கா கொண்டுபோச்சா தெரியாது. கீழ எல்லாம் தேடினேன், ஒரு இறகுகூட இல்ல. செம்பருத்திக்கு இப்பவும் தேன்சிட்டு வருது. ஒவ்வொண்ணுக்கும் வலது காலப் பாக்குறேன், நிக்கிற வேகத்துல எங்க தெரியுது.

வாதாங்கன்னுல மூணும் ஆகஸ்ட் 25 காலையில ஒண்ணு பின்னாடி ஒண்ணா வெளிய வந்துச்சு. வாலே இல்ல மூணுக்கும். கடைசிக் குஞ்சு நாய் முதுகுக்கு ஒரு அடி மேல தத்திப் பறந்துச்சு, நாய் கண்ணத் தொறந்து பாத்துட்டுத் திரும்பப் படுத்திருச்சு. இலைய நான் இன்னும் கிள்ளல. ஓரம் பழுக்க ஆரம்பிச்சிருக்கு, தையல் அப்படியே இருக்கு. வேலை கத்துக்கிற பொண்ணுகிட்டக் காட்டினேன். 'அக்கா, இது ஹெம்மிங்கா, காஜாவா'ன்னு கேட்டா. பரவாயில்ல, கேக்கவாவது செஞ்சா.

மிஷின் அடியில ஒரு அட்டைப்பெட்டி வச்சிருக்கேன். பிசிறு நூல் முழுக்க அதுக்குள்ள, மூடியோட. கைப்பிடிச் சுவத்துல இப்ப சத்திரப்பட்டிப் பஞ்சு மட்டும். கலயம் ரெண்டையும் கிழக்குச் சுவத்துல ஆணியடிச்சு மாட்டினேன், வாய மரக்கட்டையால சின்னதாக்கி. யாரும் வரல.

புறாக்குஞ்சு ரெண்டும் ஆகஸ்ட் 30 பறந்துச்சு. அப்பாடான்னு வீட்டுக்காரர் வராண்டாவுக்குப் பெயிண்ட் வாங்கிட்டு வந்து, நாளைக்கு ஆள் வருதுன்னு நேத்துச் சொன்னாரு. ராத்திரி செல்போன் வெளிச்சத்துல மீட்டர் பொட்டியப் பாத்தேன். அதே குச்சிக் கூட்டுல மறுபடியும் ரெண்டு முட்டை. இன்னும் அவர்கிட்டச் சொல்லல. பாட்டி எத்தனை மணிக்கு எந்திரிப்பாங்கன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.